குண்டு குழாயிலேயே நின்றது: ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் வெடிமருந்து மாற்றியதில் நடந்தது

பின்னணி

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நட்டால் மாகாணத்தில், டர்பனுக்கு வடக்கே கரும்பு விளையும் பகுதியில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர் அறுபதை நெருங்கும் தமிழர். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ஆய்வில் அவரைப் பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். அவரிடம் இரண்டு துப்பாக்கிகள், இரண்டுக்கும் அவர் பெயரிலேயே உரிமம். ஒன்று .357 மேக்னம் ரிவால்வர், கிளப்பில் குறி சுடுவதற்கு. மற்றொன்று .303 லீ-என்ஃபீல்ட் ரைஃபிள், குளிர்காலத்தில் மாகாணத்தின் உட்பகுதியான மிட்லண்ட்ஸ் பக்கம் இம்பாலா, பிளெஸ்பக் மான் வேட்டைக்கு.

தோட்டாவைக் கடையில் வாங்காமல், சுட்ட பித்தளைக் கூட்டில் புது பிரைமர் (அடிபட்டதும் பொறி தந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கம் தென்னாப்பிரிக்க வேட்டைக்காரர்களிடம் சாதாரணம். சட்டம் அதற்கு இடம் தருகிறது, கணக்கும் வைக்கிறது. எந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இருக்கிறதோ அதற்கான தோட்டாதான் கையில் இருக்கலாம். சாதாரண உரிமக்காரருக்குத் துப்பாக்கி ஒன்றுக்கு 200 தோட்டா, 2,400 பிரைமர் என்பது வரம்பு. பெரியவர் இதில் கறார். பெட்டகச் சாவியை மனைவியிடம்கூடக் கொடுக்க மாட்டார்.

புரட்டாசி முழுக்க அவர் வீட்டில் அசைவம் கிடையாது. வேட்டைக் காலமும் அதற்குள் முடிந்திருக்கும். ஆகவே அந்த மாதத்தில்தான் அவர் கராஜ் மேசையில் உட்கார்ந்து அடுத்த வருடத்துக்கான தோட்டாக்களைச் செய்வார். இந்த முறையும் அப்படித்தான் செய்தார். மாறியவை மருந்தும், அதோடு ரிவால்வர் கூடும்.

மருந்து மாறியதற்குக் காரணம் உண்டு. 2018 செப்டம்பர் 3 அன்று கேப் டவுனுக்கு அருகே மக்காசாரில் உள்ள வெடிமருந்துத் தொழிற்சாலையில் வெடிவிபத்து நடந்து 8 தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு உள்ளூர்த் தயாரிப்பான சோம்கெம் மருந்து டப்பாக்கள் கடைகளில் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. வெகுகாலம் ஒரே மருந்தில் பழகியவர்களெல்லாம் கிடைத்ததை வாங்க ஆரம்பித்தார்கள். பெரியவரின் பழைய டப்பாவும் மறு வருடம் காலியானது.

அவர் எடுத்த முடிவு, எடுத்த காரணம்

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று நடுத்தர வேகத்தில் எரிவது, சிறு மணிகளாக இருப்பது. இன்னொன்று மிக வேகமாக எரியும் செதில் மருந்து, வெளிநாட்டுச் சரக்கு. அவர் இரண்டாவதை வாங்கினார். கணக்கு எளிது. 500 கிராம் டப்பாவில் சுமார் 7,700 கிரெய்ன் மருந்து இருக்கும். வேகமான மருந்து ஒரு தோட்டாவுக்குக் கொஞ்சம்தான் தேவைப்படும், அதனால் ஒரே டப்பாவில் அதிகத் தோட்டா வரும். குறி சுடுவதற்கு வேகம் பெரிதாக வேண்டாம், கை உதறாத மெதுவான சுடுதல் போதும். எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்று தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் அவருடைய 158 கிரெய்ன் ஈயக் குண்டுக்கு எண்ணும் இருந்தது. காகிதத்தில் பார்த்தால் தப்பே இல்லை.

இன்னொரு முடிவும் கூடவே எடுத்தார். மெதுவான சுடுதலுக்கு .38 ஸ்பெஷல் கூடு போதும், .357 ரிவால்வரில் அதுவும் போகும். ஆனால் .38 கூடு கொஞ்சம் குட்டை. அதையே சுட்டுக்கொண்டிருந்தால் உருளையில் தோட்டா இறங்கும் அறைக்குள் கரி வளையம் படியும், அப்புறம் நீளமான .357 தோட்டா உள்ளே இறங்க முரண்டு பிடிக்கும். சுரண்டிச் சுத்தம் செய்வது அலுப்பான வேலை. அதைத் தவிர்க்க, மெதுவான சுடுதலையும் .357 கூட்டிலேயே செய்தார்.

இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சிக்கல். .38 ஸ்பெஷல் 1890களின் கடைசியில் வந்தது. கரிமருந்து நிறைய இடம் அடைக்கும் என்பதால் அந்தக் காலத்துக் கூடுகளை இடம் விட்டுத்தான் செய்தார்கள். இன்றைய வேகமான மருந்து அதில் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். 1930களில் வந்த .357 மேக்னம் அதே கூட்டை இன்னும் 3.4 மில்லிமீட்டர் நீட்டியது. கொஞ்சமே கொஞ்சம் மருந்து, அதைவிடப் பெரிய கூடு. இரண்டு பங்கு விழுந்தாலும் வழியாது, அரைப் பங்கு விழுந்தாலும் கண்ணுக்கு உறைக்காது.

சுடுதளத்தில்

சனிக்கிழமை காலை, உள்ளரங்கச் சுடுதளம். பெரியவர் இரண்டாவது சுற்று சுட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சத்தம் மட்டும் மெலிசாக, 'டப்' என்று வந்தது. கை உதறவில்லை. அட்டையில் துளையும் இல்லை. காதுக் கவசம் போட்டிருந்ததால் அவருக்கு அது சரியாக உறைக்கவில்லை. கட்டைவிரல் மறுபடி துப்பாக்கியின் சுத்தியலுக்குப் போய்விட்டது.

பின்னால் நின்ற தள அதிகாரி இளம் பெண். "அங்கிள், நிறுத்துங்க! விரலை எடுங்க!" என்று கத்தினார். பெரியவர் நிறுத்தினார்.

தாமதமாகப் பற்றும் தோட்டாவாக இருந்தால் என்ன செய்வது என்று, குழாயை அட்டையை நோக்கியே வைத்து ஒரு நிமிடம் போல நின்றார்கள். பிறகு உருளையைத் திறந்து தோட்டாக்களை எடுத்தார்கள். குழாய்க்குள் பித்தளைக் கம்பியை விட்டுப் பார்த்தால் பாதியில் முட்டியது. குண்டு உள்ளே நின்றுகொண்டிருந்தது.

ஒன்று கவனிக்கத் தக்கது. குண்டு உருளைக்கும் குழாய்க்கும் இடையில் மாட்டியிருந்தால் உருளை சுழலாது, துப்பாக்கி தானாகவே பூட்டிக்கொள்ளும். இங்கே குண்டு அந்த இடத்தைத் தாண்டிக் குழாய்க்குள் முழுசாகப் போய்விட்டது. உருளை தாராளமாகச் சுழன்றது. அடுத்த முறை விசையை இழுத்திருந்தால் தோட்டா வெடித்திருக்கும். அடைபட்ட குழாயில் இரண்டாவது குண்டு போய் இடித்தால் குழாய் புடைக்கும், இல்லை கிழியும்.

என்ன பார்த்தோம்

அன்று மாலை பெரியவர் கூப்பிட்டார். நானும் அவருடைய மச்சானும் கராஜுக்குப் போனோம். மச்சானுக்கும் வேட்டை உரிமம் உண்டு, மேசை வேலையும் தெரியும். அவருடைய முதல் ஊகம், ஒரு கூட்டுக்கு மருந்தே போடாமல் விட்டிருப்பார் என்பதுதான். எல்லாரும் முதலில் நினைப்பதும் அதுதான்.

ஆனால் குழாயைத் தட்டிக் குண்டை வெளியே எடுத்தபோது கூடவே எரியாத செதில்கள் காகிதத்தில் கொட்டின. மருந்தே இல்லாமல் பிரைமர் மட்டும் வெடித்திருந்தால் வெறும் கரிதான் இருந்திருக்கும், குண்டும் அனேகமாகக் குழாயின் தொடக்கத்திலேயே நின்றிருக்கும். ஆக, மருந்து இருந்தது, ஆனால் குறைவாக இருந்தது. அப்படியென்றால் அந்த மிச்சம் எங்கே போனது?

மிச்சத் தோட்டாக்களை என்ன செய்வது என்று கொஞ்சம் வாதம் நடந்தது. மச்சான் ஒவ்வொன்றையும் தராசில் வைத்துப் பார்த்துக் கனம் குறைந்ததை மட்டும் ஒதுக்கலாம் என்றார். அது வேலைக்கு ஆகாது. வேறு வேறு கம்பெனிக் கூடுகளின் எடையில் மட்டுமே பல கிரெய்ன் வித்தியாசம் இருக்கும், வார்த்த ஈயக் குண்டுகளிலும் ஒரு கிரெய்னுக்கு மேல் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்தே சொற்பம். முழுத் தோட்டாவை நிறுத்துப் பார்த்தால் எந்த வித்தியாசம் எதனால் என்று தெரியாது. காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதும் அப்படித்தான். எல்லாவற்றையும் பிரிப்பது என்று முடிவானது.

குண்டு கழற்றும் சுத்தியலில் ஒவ்வொன்றாக மாட்டி, சிமெண்டுத் தரையில் தட்டித் தட்டி, மருந்தைத் தனியாகக் கொட்டி நிறுத்தோம். பெரும்பாலானவை சரியாகத்தான் இருந்தன. சிலவற்றில் கொஞ்சம் குறைவு. ஒன்றில் மட்டும் மற்றவற்றின் ஒன்றரைப் பங்குக்கும் மேல் இருந்தது. அதைத் தட்டில் கொட்டிவிட்டுப் பெரியவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவான சுடுதலுக்கென்று செய்த தோட்டா அது.

காரணம் மருந்து அளக்கும் கருவியில் இருந்தது. புது மருந்தின் செதில்கள் அகலமானவை. அளவோ கருவியின் குழிவு சுருங்கக்கூடிய கடைசி எல்லையில் இருந்தது. அப்படிச் சின்ன வாயில் செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே நின்று பாலம் கட்டும். ஒரு கூட்டுக்குப் பாதிதான் விழும். அடுத்த தடவை கைப்பிடியை இழுக்கும்போது அந்தப் பாலம் உடைந்து பழைய மிச்சமும் சேர்ந்து விழும். காலிக் கூட்டை வைத்துத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்ததில் அது எங்கள் கண்ணெதிரேயே நடந்தது. பழைய மருந்து சிறு மணியாக இருந்ததால் இதே கருவியில் அவருக்கு இந்தத் தொல்லை வந்ததே இல்லை.

டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பது அவர் வழக்கம், அன்றும் பார்த்திருக்கிறார். கூட்டின் அடியில் கறுப்பாக ஒரு படலம். பாதி இருந்தாலும் ஒன்றரை இருந்தாலும் மேலிருந்து பார்த்தால் அதே படலம்தான். சோதனையை அவர் விடவில்லை, அந்த மருந்தில் அந்தச் சோதனைக்கு அர்த்தம் இல்லாமல் போய்விட்டது.

ரைஃபிள் பக்கம் கிடைத்த இன்னொரு விஷயம்

மேசை திறந்திருக்கும்போதே .303 சாமான்களையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். அலமாரியில் மாங்காய் அச்சார் பாட்டில் ஒன்று, முக்கால் அளவு மருந்தோடு. மேலே மறைப்பு நாடாவில் பேனாவால் எழுதியிருந்தது: எஸ், 3, அப்புறம் எண்ணெய் பட்டு மங்கிப்போன ஓர் எண், கடைசியில் 5. தட்டுப்பாட்டு நேரத்தில் வேட்டை நண்பர் ஒருவர் அன்பாகக் கொடுத்தது.

சோம்கெம் ரைஃபிள் மருந்துகளில் எஸ்335 உண்டு, எஸ்365 உண்டு. எண் கூடினால் எரியும் வேகம் குறையும். இரண்டும் சாம்பல் கறுப்பில் குச்சி குச்சியாக இருக்கும், கண்ணால் பிரிக்க முடியாது. 365 என்று நினைத்து 335ஐ அந்த அளவில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். "அது 6 மாதிரிதான் தெரியுது" என்றார் பெரியவர். "அத்தான், 'மாதிரி' வேண்டாம்" என்றார் மச்சான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பாட்டிலில் இருந்ததைத் திறந்த வெளியில் மெல்லிசாகத் தூவி அழித்தார்கள்.

வேக அட்டவணை என்று ஒன்று பலர் கையில் இருக்கிறது. எந்த மருந்து எதற்கு அடுத்தது என்று வரிசை போட்டிருக்கும். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒன்றின் அளவை இன்னொன்றுக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசை அளவு சொல்வதற்கானது இல்லை. ஒரே 4350 என்ற எண்ணைத் தாங்கிய ஹாட்ஜன், ஐஎம்ஆர் என்ற இரண்டு பிராண்டு மருந்துகள்கூட ஒன்று இல்லை, இரண்டுக்கும் அளவு தனித்தனி.

கூடுகளில் வேறு ஒரு குறை. பழைய ராணுவக் கூடுகளும் கடைக் கூடுகளும் கலந்திருந்தன. ராணுவக் கூட்டில் பித்தளை பொதுவாகத் தடிமன், உள்ளே இடம் குறைவு, அதே மருந்துக்கு அழுத்தம் கூடும். சில கூடுகளின் அடிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம். லீ-என்ஃபீல்டின் பூட்டு (தோட்டாவுக்குப் பின்னால் அறையை அடைக்கும் போல்ட்) பின்பக்கம் பிடித்துக்கொள்வதால் சுடும்போது கொஞ்சம் நெகிழும், அறையும் தாராளம், கூடு ஒவ்வொரு தடவையும் நீளும். முழுக் கூட்டையும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் மறுபடி நீளும். கடைசியில் அந்த வளையத்தில் கூடு அறுந்துவிடும். காகிதக் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மடக்கி உள்ளே விட்டுச் சுவரை வருடினோம். வளையம் இருந்த கூடுகளில் நுனி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவற்றை அங்கேயே குறடால் நசுக்கிக் குப்பையில் போட்டோம்.

பிறகு எடுத்த முடிவுகள்

ரிவால்வருக்கு மருந்தை மாற்றினார். தேர்ந்தெடுக்கும்போது வைத்த முதல் கேள்வி: இரண்டு பங்கு விழுந்தால் கூடு வழிகிறதா? விலையும் வேகமும் அதற்கு அப்புறம். நடுத்தர வேகத்தில் எரியும் சிறு மணி மருந்து ஒன்று பாதிக் கூட்டுக்கு மேல் நிறைத்தது, கருவியிலும் தடையில்லாமல் விழுந்தது. மெதுவான சுடுதலுக்கு .38 கூட்டுக்கே திரும்பினார். கரி வளையத்தை வாரா வாரம் சுரண்டட்டும், பரவாயில்லை. .38 ஸ்பெஷலின் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357க்கு 35,000. .38 கூட்டில் .38 அளவுதான் என்று பெட்டியிலேயே எழுதி வைத்தார்.

மச்சான் எதிர்த்திசையில் ஒரு யோசனை சொன்னார்: மேக்னத்துக்கான, மெதுவாக எரியும் உருண்டை மருந்தை வாங்கிக் குறைத்துப் போட்டால் கூடு நிறையுமே? நிறையும்தான். ஆனால் அந்த வகை மருந்து குறைத்துப் போடுவதற்கானது இல்லை. அந்த வகையைச் சேர்ந்த எச்110ஐ மூன்று சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அழுத்தம் போதாமல் போனால் சரியாகப் பற்றாது, மறுபடி குண்டு குழாயில் நிற்கும். அந்த வழியை விட்டுவிட்டோம்.

பிரைமர் விஷயத்தில் பெரியவரிடம் சிறிய ரைஃபிள் பிரைமர் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. விட்டம் ஒன்றுதான், ரிவால்வர் கூட்டில் உட்காரும். ஆனால் அதன் தகடு தடிமன். விசையை இலகுவாக்குவதற்காக அவர் ரிவால்வரின் சுருள்வில்லை மாற்றியிருந்தார், அந்த அடிக்கு இது வெடிக்காமல் போகலாம். அட்டவணையில் சொன்ன பிரைமரையே வாங்கினார். குண்டின் பள்ளத்தில் கூட்டின் விளிம்பை மடித்து இறுக்குவதையும் கவனமாகச் செய்தார். இல்லாவிட்டால் உதறலில் பக்கத்து அறைக் குண்டுகள் முன்னால் நழுவி உருளை மாட்டிக்கொள்ளும்.

ரைஃபிளுக்கு, .303க்கென்று தயாரிப்பாளர் அட்டவணையில் நேராக எண் இருந்த மருந்தை, சீல் உடையாத டப்பாவில் வாங்கினார். கூடு எல்லாம் ஒரே வகை, தன் ரைஃபிளில் சுட்டவை மட்டும், கழுத்தை மட்டும் அச்சில் இறுக்குவது. குண்டு .311 அங்குலம். கடைக்காரர் சல்லிசாகக் காட்டிய .308 குண்டை வாங்கவில்லை, .303 குழாய்க்கு அது ஒல்லி. அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து ஆரம்பித்துச் சிறுசிறு படியாக ஏறினார். அந்த எடைகளை நான் இங்கே எழுதவில்லை. அவருடைய கூடு, அவருடைய குழாய், அவருடைய டப்பாவின் தொகுப்பு எண் ஆகியவற்றுக்குப் பொருந்திய எண்கள் அவை.

என்ன நடந்தது

அடுத்த ஆறு மாதத்தில் ரிவால்வரில் ஒரு தோட்டாகூட மெலிந்த சத்தம் தரவில்லை. ஒரு டப்பாவில் கிடைத்த தோட்டா எண்ணிக்கை குறைந்துவிட்டது, அதற்குப் பெரியவர் இன்னும் முணுமுணுக்கிறார். அட்டையில் துளைகள் விழும் வட்டம் கொஞ்சம் அகலமானது. முதலில் மருந்தைக் குறை சொன்னார். பிறகு பார்த்தால், சத்தத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து விசையைத் தயங்கி இழுக்கும் பழக்கம் வந்திருந்தது. அது போகச் சில மாதங்கள் ஆயின.

மேசையில் மூன்று மாற்றங்கள் நிலைத்திருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் மேசைமேல் இருக்கும். கருவியில் மிஞ்சியதை அன்றே அதன் சொந்த டப்பாவில் கொட்டிவிடுவார். பத்துக் கூட்டுக்கு ஒரு முறை அளவைத் தராசில் சரிபார்ப்பார். சுடுதளத்தில் இப்போது அவர் ஒரு சுற்றுக்கு நடுவில் அவசரப்படுவதில்லை, சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கம்பியை விட்டுப் பார்க்கிறார். அந்தப் பித்தளைக் கம்பி கிளப்பின் பொதுச் சொத்தாகச் சுவரில் தொங்குகிறது. முன்பு அது யாரோ ஒருவருடைய பையில் கிடந்தது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியது

புது மருந்து வாங்கியதும் தோட்டா செய்வதற்கு முன், அதைக் கருவியில் போட்டு ஒவ்வொரு வீழ்ச்சியையும் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. பாலம் கட்டுகிறதா என்பது அதிலேயே தெரிந்திருக்கும். மருந்தும் கூடும் ஒரே நேரத்தில் மாறாமல் ஒவ்வொன்றாக மாறியிருந்தால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிப்பதும் இவ்வளவு சிரமப்பட்டிருக்காது.

ரைஃபிளில் ஒரு வேலை பாக்கி. புது அளவை அவர் ஜூலையில், மிட்லண்ட்ஸ் புல்லில் உறைபனி விழுந்த காலையில் சரிபார்த்தார். பூட்டு சிரமமில்லாமல் திறந்தது, பிரைமரின் ஓரம் உருண்டையாகவே இருந்தது; அழுத்தம் மிஞ்சியதாக அடையாளம் இல்லை. சூட்டில் அழுத்தம் கூடும். அதே தோட்டாவைக் கடற்கரைப் பக்கப் பிப்ரவரியில், நிழலில் வைத்திருந்தும் கை சுடுகிற நாளில், சுட்டுப் பார்க்க வேண்டும். அதுவரை உச்ச அளவுக்கு இரண்டு படி கீழேயே நிற்பது என்று வைத்திருக்கிறார்.